தெரேசாக்காவின் முட்டியும் அழகன் கங்காணியின் நொண்டலும்

லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் பெண்களைக் காலையில் பெரட்டுக்களத்தில் நிறுத்தி எந்த மலைக்கு யார் என்று பிரிப்பவர் அழகன் கங்காணி. மூக்காலேயே பேசுவார். தேய்ந்த முட்டி வீங்கியிருந்த ஒரு நாள், செங்குத்து மலை வேண்டாம், கீழ்மலைக்கு அனுப்புங்கள் என்று தெரேசாக்கா கேட்டாள்.

"நேத்து ஓடுன, இன்னைக்கு நொண்டுற. தேஞ்ச முட்டி ராத்திரியில வளந்து காலையில தேயுமோ, தெரேசா?" என்றவர், இடுப்பில் கைவைத்து அக்காவைப் போலவே களத்தைச் சுற்றி நொண்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் செய்தார், பாவி.

அக்கா செங்குத்து மலைக்கே போனாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு.

"தேய்மானம் மட்டுமில்லம்மா" என்றார் டொக்டர். "மூட்டுக்குள்ள உறை மாதிரி ஒரு சவ்வு இருக்கு. அதுல அழற்சி வந்து வீங்கி, நீர் கோத்துக்குது. அது கூடுனா வலி கூடும். அடங்குன நாள்ல நடப்பீங்க."

அதை பஸ்ஸில் ஜெபம் போல் சொல்லிக்கொண்டே வந்தாள். "கங்காணிய மாதா மன்னிப்பாங்க. எனக்கு அவசரமில்ல" என்றாள். அடுத்துத் தொழிற்சங்கத்தில் மாதர் தலைவியானாள்.

இந்த மழைக்குக் கங்காணியின் முட்டி பலாக்காயாக வீங்கியது. உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டார். "நேத்து நீ நல்லா நடந்தது தானே?" என்றார் தோட்டத்து மேனேஜர் தொரை, அரைத் தமிழில். கங்காணி நேரே அக்காவின் லயத்து வீட்டுக்கு வந்தார்.

"நீ சொன்னா தொரை கேப்பாரு, தங்கச்சி."

"அன்னைக்கு நான் தங்கச்சி இல்லையே. சரிங்க, பெரட்டுல சொல்றேன். நான் கேக்குறப்ப நீங்களும் சொல்லணும்." சவ்வு, வீக்கம், நீர் எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துத்தான் அனுப்பினாள்.

காலையில் தொரை முன்னால், பெண்கள் முன்னால், கேட்டாள்: "ஒரு நாள் நடக்குறீங்க, ஒரு நாள் முடியல. ஏங்க?"

"உள்ள ஒரு சவ்வு... வீங்குது..."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

கத்திச் சொன்னார். மூக்கால் பேசுவதுகூட மறந்துபோனது.

"அவரு சொல்றது நெசம்ங்க, தொரை. முட்டி வீங்குன நாள்ல யாரையும் செங்குத்து மலைக்கு அனுப்பக் கூடாது. பொம்பளைங்களையும்."

தொரை தலையாட்டினார். கங்காணிக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை கிடைத்தது. காலை இழுத்துக்கொண்டு நகர்ந்தவரை அக்கா கூப்பிட்டாள்.

"கங்காணி, அன்னைக்கு நீங்க நொண்டுனது இதவிட நல்லா இருந்துச்சுங்க."