ஆபீஸ் ஜன்னலில் நான் கேட்காதது

கொழும்பு தலைமை அலுவலகத்திலிருந்து வரும் வாட்ஸப் செய்திகளை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. முதல் நாள் பறித்த தேயிலைக் கொழுந்து எத்தனை கிலோ என்று காலை ஒன்பது மணிக்குள் அனுப்ப வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் மூன்று கேள்விக்குறி வரும். ஒரு வார்த்தைகூட இருக்காது. மனுசரிடம் இப்படியா பேசுவார்கள்? ஆனால் அவர்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்தக் கேள்விக்குறிகளை வாங்கி நான் யார் தலையில் போட்டேன் என்று சொல்லியாக வேண்டும்.

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் கிளார்க். பிறந்ததும் அதே தோட்டத்து லயத்தில்தான், வேலையாட்களின் வரிசை வீட்டில். வேலையாட்கள் ஆபீசுக்குள் வருவதில்லை. வெளியே ஜன்னல் ஓரம் நின்றுதான் பேசுவார்கள். வந்த காரியத்தை எடுத்த எடுப்பில் சொல்லவும் மாட்டார்கள். முதலில் சுகம் விசாரிப்பார்கள், பிறகு பிள்ளைகள், பிறகு மழை. நேரே விஷயத்துக்கு வந்தால் மரியாதை இல்லை என்று எண்ணம். என் அம்மாவும் அப்படித்தான். இதெல்லாம் தெரியாதவள் இல்லை நான்.

அன்று ஜன்னலுக்கு வந்தவர், நாங்கள் லயத்தில் இருந்தபோது அடுத்த வீட்டில் இருந்த அக்கா. கொழுந்து பறிக்கிறவர்.

"என்னா புள்ள, மகனுக்கு இருமல் நின்னுருச்சா?"

"நின்னுருச்சுக்கா."

"எனக்கு இன்னைக்கு கிளினிக்கு, பிரஷர் பாக்கப் போறேன். நேத்து வெறகு பொறுக்க ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன் பாத்துக்க. மழையில சாஞ்ச மரம் ஒண்ணு இருக்கில்ல..."

போன் அதிர்ந்தது. மூன்று கேள்விக்குறி.

"அக்கா, மரத்துக் கதை கேக்க எனக்கு நேரமில்ல. லீவுதானே? எழுதிக்கிறேன், போய்ட்டு வாங்க."

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பஸ்ஸு வந்துரும். நாளைக்கு வாறேன்" என்று போய்விட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. பிரஷர் கூடியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் நிறுத்திக்கொண்டார்கள். ஏழாம் நம்பர் மலைக்கு அன்றுதான் ஆட்களைப் பறிக்க அனுப்பினார்கள். சாய்ந்த மரத்தில் குடம் அளவுக்குக் குளவிக் கூடு. குளவி கொட்டிய பதினொரு பெண்களைக் கொழுந்து ஏற்றும் லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்த ஒருத்திக்கு முகம் வீங்கி மூச்சு நின்று நின்று வந்ததாம். நான்கு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்துதான் பிழைத்தாள்.

"ஏழாம் மலைக் கொழுந்து ஏன் குறைவு???" என்று மறுநாள் காலை வந்தது செய்தி. போனைத் தூக்கி மேசையில் எறிந்தேன்.

குளவிக் கூட்டைப் பற்றி லயத்துப் பெண்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அக்காதான் பார்த்துவிட்டு வந்து, "காலையில ஆபீசுல சொல்லிர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். மலைக்குப் போகச் சொன்னதும், ஆபீசில் ஆள் விட்டுக் கூட்டை எடுத்துவிட்டார்கள் என்று நம்பி அவர்கள் போயிருக்கிறார்கள்.

தோட்டத்து மேனேஜர் தொரை என்னைக் கூப்பிட்டு, முன்பே யாராவது சொன்னார்களா என்று கேட்டார்.

"யாரும் சொல்லல சேர்" என்றேன்.

பொய் இல்லைதான். சொல்ல விட்டால்தானே சொல்வார்கள்! என் வாயிலிருந்து எவ்வளவு சுத்தமாக வந்தது அந்தப் பதில். இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்தப் பதில் லயத்துக்குப் போய்ச் சேர ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் ஒதுங்கினார்கள். தீவிர சிகிச்சையில் கிடந்தவளின் கணவன் அவர் வாசலில் நின்று, "போனியா, சொன்னியா?" என்று கத்தினான். "போனேன், பேச்சு முடியல" என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அம்மா வந்துதான் இதையெல்லாம் என்னிடம் சொன்னார்.

பொறுமை பொறுமை என்று பெரிதாகப் பேசுகிறோம். ஒருவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதுதானே? அதைக்கூடச் செய்யாமல் எனக்கு எதற்கு ஒரு நாற்காலி?

மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்குப் போனேன். வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் கூடும் இடம் அதுதான். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பெயர் வாசிக்கத் தொடங்குமுன், "ஒரு நிமிசம்" என்று முன்னால் போய் நின்றேன்.

"அக்கா ஆபீசுக்கு வந்தாங்க. சொல்லத்தான் வந்தாங்க. நான்தான் கேக்காம வெரட்டிட்டேன். தப்பு என்னோடது."

அக்கா மன்னித்துவிடுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"இத்தன பேர நிக்க வச்சுப் பேச இன்னைக்கு ஒனக்கு நேரம் இருக்கு புள்ள. அன்னைக்கு நான் ஒருத்திதானே நின்னேன்."

கண்டாக்கு பெயர் வாசிக்கத் தொடங்கினார். அக்கா தன் பெயர் வந்ததும் மலைக்குப் போய்விட்டார்.