கேட்டுவிட்டு வாயை மூடு

இல்லத்தில் எல்லோரும் அவளைத் தயவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. போனை எடுத்தாலே "தயவுசெஞ்சு" என்றுதான் ஆரம்பிப்பாள். நன்கொடை கேட்கிறவள் வேறு எப்படி ஆரம்பிக்க முடியும் என்று அவளும் வெகுகாலம் நினைத்திருந்தாள். நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பகல் முழுக்கப் பயிற்சி கொடுக்கிற இல்லம் அது. அதற்குப் பணம் திரட்டுவதுதான் அவள் வேலை.

கேட்பதில் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தொகையைச் சொல்வாள். எதிரில் இருப்பவர் ஒரு கணம் பேசாமல் இருந்தால் போதும், உள்ளுக்குள் பதறிவிடுவாள். "அவ்வளவு முடியலன்னா பாதி குடுங்க" என்பாள். அவர் மூச்சுவிடுவதற்குள் "உங்களால முடிஞ்சதக் குடுங்க" என்று முடித்தும் விடுவாள். யாரும் பேரம் பேசாமலே தன் விலையைத் தானே குறைத்துக்கொள்ளும் வியாபாரி உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

இல்லத் தலைவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பெரிய கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்தான். "அழுத பிள்ளைதாம்மா பால் குடிக்கும். முகத்தக் கொஞ்சம் பாவமா வச்சுக்க, போதும்" என்பார். அந்தப் பாவமான முகம் அவளுக்கு வீட்டிலும் கழற்ற முடியாமல் ஒட்டிக்கொண்டது.

இந்த நிலையில் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் இழுத்துக்கொண்டு கிடந்தது. தினமும் எங்காவது நடுவழியில் நிற்கும். ஓட்டுநர் இறங்கித் தள்ளுவார், ஆயாவும் தள்ளுவாள். மெக்கானிக் கையை விரித்துவிட்டார். வேன் ஒரேயடியாக நின்றால் ஊர்க் கோடியில் இருக்கும் பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவர்களில் ஒரு குட்டிப்பெண் அப்போதுதான் ஸ்பூனைத் தானே பிடிக்கக் கற்றிருந்தாள். சில வாரம் வராமல் போனால் அந்தக் கை மறுபடி இறுகிவிடும் என்று பயிற்சி டீச்சர் சொல்லியிருந்தாள். முடிஞ்சதக் குடுங்க என்று கேட்டால் வண்டி வராது, டயர்தான் வரும்.

நன்கொடை திரட்டுகிறவர்களுக்கென்றே ஒரு பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் தயவக்கா நேராகத் தலைவரிடம் போனாள்.

"கை நீட்டறதுக்குப் படிப்பு எதுக்கும்மா? மனசு இருந்தா போதாதா?" என்றார் அவர்.

"மனசு இருக்கறவங்க எல்லாரையும் ஊசி போட விடுவீங்களா ஐயா? நர்ஸ் படிச்சிட்டுத்தானே வர்றாங்க."

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும். பிள்ளைங்களுக்கு வந்த காச உன் படிப்புக்குத் தர முடியாது."

"தர வேண்டாம். நானே கட்டிக்கறேன். லீவு மட்டும் குடுங்க."

லீவு கிடைத்தது, சம்பளப் பிடித்தத்தோடு. வீட்டில் கணவர் தையல் மெஷினைவிட்டுத் தலையைத் தூக்கினார். "ஃபிரிட்ஜ் மாத்தறதுக்குன்னு எடுத்து வச்ச பணம் அது. பழசு ரொம்ப சத்தம் போடுது."

"நானும்தான் சத்தம் போடறேன். என்னையும் மாத்திடுவீங்களா?"

அவர் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

பயிற்சி ஒரு மாடி ஹாலில் நடந்தது. சொல்லிக் கொடுத்த அம்மாளுக்குக் கரகரத்த குரல். முதல் பாடமே இதுதான்: தொகையைச் சொல், பிறகு வாயை மூடு. எதிரில் இருப்பவர் பேசும்வரை நீ பேசாதே. கேட்க எவ்வளவு சுலபம்! தயவக்கா திரும்பத் திரும்பத் தோற்றாள். "நீங்க பேசாம இருக்கற நேரம்தாம்மா அவங்க யோசிக்கற நேரம். அதப் பிடுங்காதீங்க" என்றாள் அந்த அம்மாள். கொடுத்தவரிடம் அடுத்த முறை கேட்பதற்கு முன்னால், போன தடவை கொடுத்தது என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளைக் காட்சிக்கு வைக்கக் கூடாது, வேலையைக் காட்ட வேண்டும். இதெல்லாம் தெரியாமல் எத்தனை வாசலில் கூனிக் குறுகி நின்றோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

திரும்பி வந்ததும் டைல்ஸ் கடை முதலாளியைப் பார்க்கப் போனாள். "உன் படிப்பு என்ன கிழிக்குதுன்னு பாக்கறேன்" என்று தலைவரும் கூடவே வந்தார்.

"எங்க பிள்ளைங்களுக்கு ஒரு வண்டி வேணும் சார். முழு வண்டியும் நீங்க வாங்கித் தரணும்னு கேக்க வந்திருக்கோம்" என்றாள். விலையையும் சொன்னாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

முதலாளி பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். அவளுக்கு நாக்கு அரித்தது. தலைவருக்குத் தாங்கவில்லை. தொண்டையைச் செருமி, "இல்ல, உங்களால முடிஞ்ச…" என்று தொடங்கினார்.

"ஐயா, டீ ஆறுது. குடிங்க" என்று கோப்பையை அவர் கையில் திணித்தாள் தயவக்கா.

கடைசியில் முதலாளியே பேசினார். "செய்யலாம். புதுக் கடை திறக்கறேன். அன்னைக்குப் பிள்ளைங்கள மேடையில வரிசையா உக்கார வைங்க. நாலு பேர் பார்க்கட்டும்."

தலைவர் தலையாட்டிவிட்டார். அவள் ஆட்டவில்லை.

"பிள்ளைங்க வரமாட்டாங்க சார். உங்க கடை பேர வண்டியில எழுதிக்கலாம், அது உங்க உரிமை. ஆனா பாவம் பார்க்கறதுக்கு அவங்கள அனுப்ப மாட்டேன். நீங்க வாங்க. திங்கட்கிழமை காலைல எங்க வேன்ல ஒரு சுத்து வந்து பாருங்க."

"பார்க்கலாம்" என்றார் அவர், முகம் கொடுக்காமல்.

வெளியே வந்ததும் தலைவர் கொதித்தார். "கைக்கு எட்டினத வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டியே. வண்டி வரலன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

"சரி ஐயா. வந்தா?"

நடந்துகொண்டிருந்தவர் நின்று திரும்பினார்.

"வந்தா, ஆபீஸ்ல இருக்கற ரெண்டு பொண்ணுங்களையும் அந்தப் பயிற்சிக்கு அனுப்பணும். இல்லத்துச் செலவுல."

"முதல்ல வரட்டும்" என்றார்.

வாய் வீறாப்பாகப் பேசிவிட்டது. வேலை போனால் போகட்டும். அந்தக் குட்டிப்பெண்ணின் கையை வைத்துச் சூதாடிவிட்டேனோ என்றுதான் அவளுக்குப் பயம். ஆனாலும் முதலாளிக்குப் போன் போட்டுக் கெஞ்சவில்லை.

திங்கட்கிழமை முதலாளி சலவைச் சட்டையோடு வந்து நின்றார். வேனில் குட்டிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பாலத்து மேட்டில் வேன் வழக்கம்போல நின்றது. ஓட்டுநரும் ஆயாவும் இறங்கினார்கள், தயவக்காவும் இறங்கினாள். பழைய தயவக்காவாக இருந்தால் ஆயிரம் மன்னிப்புக் கேட்டிருப்பாள். இவள் பேசாமல் தள்ளினாள். சற்று நேரத்தில் பக்கத்தில் இன்னொரு தோள் வந்து சேர்ந்தது.

"தினமும் இப்படித்தானா?" என்றார் முதலாளி மூச்சு வாங்க.

"தினமும்தான் சார்."

அந்த வாரமே வண்டிக்குப் பணம் கட்டினார். மேடையைப் பற்றி அவர் மறுபடி பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தயவக்கா இரண்டு பெண்களின் பயிற்சிப் பேச்சை எடுத்தாள். தலைவர் சிரித்தார். "நம்ம நல்ல நேரம், அன்னைக்குன்னு பார்த்து வண்டி நின்னுச்சு. அவர் மனசு இளகிடுச்சு. இதுல உன் படிப்பு எங்கம்மா வந்துச்சு?"

தயவக்கா எழுந்து நின்றாள்.

"வண்டி தினமும்தான் ஐயா நிக்குது. அதுல அவர ஏத்தினதுதான் படிப்பு."