சாமி படத்தைச் சந்தேகப்படும் முறை

சாமி படத்தில் குறை கண்டுபிடிப்பது பாவமா இல்லையா என்று எந்த ஞானோபதேச வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் நாற்பது வயதுக்கு மேல் நானே முடிவு செய்துகொண்டேன். முறையோடு செய்தால் பாவமில்லை.

ஜெபப் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைப்பார்களே, உள்ளங்கை அளவு சாமி படம், அதைத்தான் நாங்கள் சேர்க்கிறோம். மாதா படம், இயேசுவின் இருதயப் படம், முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளின் நினைவுப் படம், இறந்தவர்களுக்காக வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் படம், எல்லாம் உண்டு. எங்களுக்குள் அத்தனைக்கும் 'கார்டு' என்று ஒரே பெயர். படம் என்று சொன்னால் பக்தி வந்துவிடுகிறது, பேரம் பேச வாய் வருவதில்லை. திண்டுக்கல்லில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடுவோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் வழிமுறையைப் பார்க்காமல் மார்க் போடாதவள்.

எங்கள் முறைகளை வகுத்தவர் தலைமையாசிரியர். கை கழுவித் துடைக்காமல் மேசையை நெருங்கக் கூடாது. காப்பித் தம்ளர்கள் உள்ளே போகும்வரை கார்டு வெளியே வரக் கூடாது. அடுத்தவர் கையிலிருந்து கார்டை வாங்கக் கூடாது, அவர் மேசையில் வைத்து விரலை எடுத்த பிறகுதான் தொடலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதென்றால், "செத்த வெளிச்சத்துல பாத்துக்கிறட்டா?" என்று கேட்க வேண்டும். பழைய தாள் வாசனை இருக்கிறதா என்று மோந்து பார்க்கவும் அனுமதி உண்டு, ஆனால் மூக்கு படக் கூடாது. மாதாவின் முகத்தருகே ஒரு கணக்கு டீச்சர் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பதை வெளியாள் யாராவது பார்த்தால் பக்தி முற்றிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். 'போலி' என்ற சொல் அந்த வீட்டில் தடை செய்யப்பட்டது. "இது பிந்தின அச்சா இருக்கலாம்" என்று மட்டும் சொல்லலாம். அதைக் கேட்டவருக்கு உடனே வீட்டில் அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

பின்பக்கம்தான் பெரிய தலைவலி. கார்டைத் திருப்பினால் அங்கே யாரோ இறந்தவரின் பெயர் இருக்கும். பெயரைப் பார்த்துவிட்டால் அவருடைய ஆத்துமாவுக்காக ஒரு ஜெபம் சொல்லாமல் மேலே போகக் கூடாது. ஒரு காலைப் பொழுதில் முன்பின் தெரியாத எத்தனையோ பேரை மோட்சத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் நாங்கள் பேரத்துக்கு வருவோம். எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது தலைமையாசிரியர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து தாளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

எல்லாவற்றிலும் மேலான முறை ஒன்று இருந்தது. மாற்றிக்கொள்ள விரும்புகிறவர் தன் கார்டின் குறையைத் தானே முதலில் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லிவிட்ட குறையை மற்றவர் விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. "ஒருத்தர் புண்ணைக் காட்டுறப்ப அதுல வெரல வைக்கலாமாம்மா?" என்பார் தலைமையாசிரியர். எனக்கு இது மிகவும் பிடித்த விதி. நாமெல்லாம் எவ்வளவு நாகரிகமானவர்கள் என்று நினைத்துக்கொள்ள இதைவிட வசதியான விதி கிடையாது.

இந்த நாகரிகத்தின் வழியாகத்தான் என் பொன்விழாக் கார்டு எனக்கு வந்தது. அகரம் பக்கத்தில் ஒரு கிராமத்து மாதா கோயில். அதன் பொன்விழாவுக்கு அடித்த நினைவுக் கார்டு அது. கோயிலின் பழைய பீடம் அதில் நீலமும் பொன்னுமாக இருக்கும். பின்னால் அந்தக் கோயிலை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டிவிட்டார்கள். கார்டை ஊர்க்காரர்கள் யாரும் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கும் ஒருவர் வாட்ஸ்அப்பில் அறிமுகமாகி, கூரியரில் அதை அனுப்புவதற்கு முன் போன் செய்தார்.

"டீச்சருங்களா, மேல் மூலையில லேசா ஒரு மடிப்பு இருக்குதுங்க. அத மொதல்லயே சொல்லிப்போடோணும்னுதானுங்க கூப்புட்டனுங்க."

நான் உருகிவிட்டேன். இவ்வளவு சின்னக் குறையைச் சொல்ல இவ்வளவு தூரம் போன் செய்கிற மனிதர் வேறெதை மறைக்கப்போகிறார்? கார்டு வந்தது. மூலையில் மடிப்பு இருந்தது. சொன்னபடி இருந்ததே என்று மனம் நிறைந்து, விரல்கூடப் படாமல் கண்ணாடி உறைக்குள் போட்டு வைத்தேன். அதன் பிறகு வருஷக்கணக்காக உறைக்கு மேலே லென்ஸை வைத்து அந்த மடிப்பைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். பழைய கார்டு என்பதற்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தார். மனைவி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்த அம்மாவின் ஜெபப் புத்தகத்தோடு வந்தார். அதற்குள் இருந்த கார்டுகளில் ஒன்றைப் பார்த்ததும் எனக்கு வாய் ஊறிவிட்டது. காவல் சம்மனசு, அதாவது காக்கும் தேவதூதர். பாலத்தைக் கடக்கும் இரண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் இறக்கை விரித்து நிற்கும் சம்மனசு, சுற்றிலும் லேஸ் போல வெட்டிய விளிம்பு, வெளிநாட்டுத் தாள், எந்தக் காலத்து அச்சோ. அவரோ மேசையில் இருந்த என் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தாடி, இது எங்க கோயிலுல்ல!" என்றார். "இந்தப் பீடத்துக்கு முன்னாலதான் டீச்சர் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. போட்டோ எடுத்தவன் பிலிம் ரோலை வெளிச்சத்துல தொறந்து தொலைச்சுட்டான். ஒரு படம் தேறல. கோயிலையும் இடிச்சாச்சு. இத எனக்குக் குடுங்க. எங்கிட்ட இருக்கதுல எது வேணாலும் எடுத்துக்கங்க."

ஆசையை இப்படி அப்பட்டமாகச் சொல்லுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. வேண்டிய கார்டைப் பார்த்தால் நாங்கள் கொட்டாவி விடுவோம். தலைமையாசிரியர் செருமினார். பூக்கடைக்காரருக்காக எனக்குப் பாவமாக இருந்தது உண்மை. பாவமாக இருந்த அதே நொடியில் என் வாய் "அந்தச் சம்மனசு" என்று சொல்லிவிட்டதும் உண்மை.

அவர் எடுத்து மேசையில் வைத்தார். நான் முறைப்படி ஆரம்பித்தேன். அனுமதி கேட்டு வெளிச்சத்தில் பார்த்தேன், அனுமதி கேட்டு மோந்தேன், லேஸ் விளிம்பின் ஒவ்வொரு வெட்டையும் லென்ஸில் பார்த்தேன். பெண்டாட்டியின் ஜெபப் புத்தகத்தில் இருந்ததை இப்படிக் குடைகிறாளே என்று அவர் நினைத்திருக்கலாம். முகத்தில் காட்டவில்லை. என் கார்டின் மேல் மூலையில் மடிப்பு இருப்பதை நானும் நாகரிகமாக அறிவித்தேன்.

"நீங்க பாக்கலியா அண்ணே?" என்று கேட்டேன்.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். தலைமையாசிரியர்தான் ஒரு கேள்வியைக் கிளப்பினார். "மந்திரிச்ச கார்டா?" சம்மனசு மந்திரித்தது. பூக்கடைக்காரர் மனைவியின் புதுநன்மை அன்று சாமியார் கையால் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தது. என்னுடையது கூரியரில் வந்தது, மந்திரிக்காதது. மந்திரித்ததைக் கொடுத்து மந்திரிக்காததை வாங்கினால் ஒரு பக்கம் நஷ்டமாகும், அதை எப்படி ஈடுகட்டுவது என்று தலைமையாசிரியர் விளக்கினார். இந்த மாதிரிக் கணக்கு எனக்கே வராது. பங்குச் சாமியாரிடம் கேட்டுவிடலாம் என்று மூவரும் கார்டுகளோடு கோயிலுக்கு நடந்தோம்.

சாமியார் அடுத்த ஊர்ப் பூசைக்கு நேரமாகிப் பைக்கை உதைக்கப் போனவர். தலைமையாசிரியர் பிரச்சினையை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். "சார், இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு? மந்திரிச்சுட்டாப் போச்சு." உள்ளே போய்த் தீர்த்தச் செம்போடு வந்தார். ஒன்றை மட்டும் மந்திரித்து ஒன்றை விட்டால் வருத்தப்படுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டையும் படிக்கட்டில் வைக்கச் சொன்னார். உறையிலிருந்து எடுத்து வைத்தேன். அவசரத்தில் இருந்த மனிதர் தாராளமாகவே தெளித்தார்.

சம்மனசின் மேல் விழுந்த துளிகள் விழுந்தபடியே நின்றன. என் பீடம் கரைய ஆரம்பித்தது. நீலம் முதலில் ஓடியது, பின்னால் பொன். நான் பதறித் துடைக்கப் போனதில் மேல் மூலையில் இருந்த மடிப்பும் விரலோடு வந்துவிட்டது. ஆமாம், மடிப்பும் அச்சுதான். மடிந்த கார்டை ஸ்கேன் எடுத்து, பளபளப்புத் தாளில் பிரின்ட் போட்டு, அந்த மடிப்பையே குறையாகவும் சொல்லி அனுப்பியிருக்கிறார் மகராசன். ஒரே ஒரு முறை விரலால் தடவியிருந்தால் தெரிந்திருக்கும். நாகரிகம் தடுத்துவிட்டது.

தடை செய்யப்பட்ட அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. "தீர்த்தம் செத்தக் கூடிப்போச்சு" என்றார் தலைமையாசிரியர் வானத்தைப் பார்த்து. சாமியார் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

பூக்கடைக்காரர் மட்டும் கீழே உட்கார்ந்து துண்டின் நுனியால் அதை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். ஒற்ற ஒற்றப் படம் துண்டுக்கு வந்தது. "அழிஞ்சிருச்சே டீச்சர்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. போலியா அசலா என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பீடம் அவருக்கு இரண்டாவது தடவையாகப் போய்விட்டது. என் அவமானம் அப்போதுதான் கொஞ்சம் அடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் ஒட்டன்சத்திரத்துக்காரருக்குப் போன் போட்டேன். திட்டுவதற்கு நல்ல சொற்களாகப் பொறுக்கி வைத்திருந்தேன். ஆனால் திட்டினால் போனை வைத்துவிடுவாரே, பீடத்துக்கு எங்கே போவது? ஆகவே முறைப்படி, அந்தப் பொன்விழாக் கார்டு மாதிரி இன்னொன்று உங்களிடம் இருக்க வாய்ப்பு உண்டா என்று இழுத்தேன்.

"ஏனுங்க டீச்சர், எத்தன காப்பி வேணுங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரிஜினலை எலி கடித்துவிட்டதாம். அதற்கு முன்னாலேயே ஸ்கேன் எடுத்து வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அவரே மெச்சிக்கொண்டார். "போட்டோவா அனுப்புனாக் கலங்கிப் போயிருமுங்க, டாக்குமெண்டா அனுப்பறனுங்க" என்று அக்கறையோடு அனுப்பியும் வைத்தார்.

பேகம்பூரில் ஒரு கடையில் அதைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கி பிரின்ட் போட்டேன். "லேமினேஷன் பண்ணிறவாக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். சேகரிப்பவர்களுக்கு லேமினேஷன் என்பது கொலைக்குச் சமம். "ரெண்டு பக்கமும் நல்லாப் போடுங்க தம்பி, தண்ணி எறங்கக் கூடாது" என்றேன்.

பூக்கடைக்காரர் வீட்டில் அதைக் கொடுத்தபோது அவர் உள்ளே போய் ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்தார். சம்மனசை எடுத்து நீட்டினார். இது போலிக்கும் போலி, இதற்கு அசலை வாங்குவது முறையில்லை என்று சொன்னேன். தடை செய்யப்பட்ட சொல்லை அன்றுதான் முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன்.

"எது போலி?" என்றார். "எங்க கோயிலு இப்படித்தான இருந்துச்சு?"

சம்மனசை அந்த அம்மாவின் புத்தகத்துக்குள்ளேயே திரும்ப வைக்கச் சொன்னேன். பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம், பிறகு நினைத்து நினைத்து வயிறு எரிந்தது.

அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, அடிப்பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். "இந்தா, இந்தப் படியிலதான் சேலை தடுக்கி விழப் பாத்தா. டக்குனு புடிச்சுட்டேன். கல்யாணத்துக்கு வந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டாக. அன்னைக்குப் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு எங்கூடப் பேசவே இல்ல."

நான் குனிந்து பார்த்தேன். பெரிதாக்கியதில் அந்த இடம் வெறும் புள்ளிகளாகச் சிதறிப்போயிருந்தது. பழுப்பும் சாம்பலுமாக ஒரு கறை. படி என்று எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

அவருக்கும் லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க கார்டுல அந்தப் படி தெரிஞ்சுச்சுல்ல டீச்சர்? நீங்கதான் லென்ஸ் வச்சே பாப்பீகளே."

எத்தனை வருஷம், எத்தனை தடவை அந்தக் கார்டை லென்ஸில் பார்த்திருப்பேன். மூலையையும் மடிப்பையும் தவிர எதையும் நான் பார்த்ததில்லை.

"நல்லாத் தெரிஞ்சுச்சு அண்ணே" என்றேன். "அந்தப் படிதான்."

அவர் அப்படியே நம்பினார்.