பூர்ச்ச மரத்தின் கடற்கரைச் சுற்றம்

அன்றைய என் குறிப்பேட்டில் உள்ளவற்றையும், பின்னர் கைவில்லையால் மீண்டும் பார்த்து உறுதிசெய்தவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். உறுதிசெய்யாத ஒரு விவரம் ஒரு மரத்தையே வேறோர் இனத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அப்படியொரு தவறு எங்கள் பாடசாலையின் பரிசைப் பறிக்கவிருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் உயிரியல் ஆசிரியராக இருந்தேன். எங்கள் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி இல்லை. வட்டார விஞ்ஞானக் கண்காட்சியில் முதலிடம் பெறும் பாடசாலைக்கு அது ஒன்று கிடைக்கும் என்றார்கள். நான் பூர்ச்ச மரத்தைப் பொருளாக எடுத்தேன். ஆங்கிலத்தில் ‘பேர்ச்’ எனப்படும் குளிர்நாட்டு மரம் அது. பட்டை வெண்மையாய், தாள்போல் உரியும். இதழற்ற பூக்கள் தொங்கும் துணர்களாய் நிற்கும். காற்றே மகரந்தத்தைச் சுமக்கும். சிறு காய்க்குச் சிறகு உண்டு. எங்களில் எவரும் அதைக் கண்டதில்லை. ஆகவே அதன் படத்தை வரைந்து, அருகே நம் கடற்கரைச் சவுக்கின் கிளையொன்றை வைத்து, ‘பூர்ச்சத்தின் உறவு’ என்று அட்டையில் எழுதினேன். என்னிடமிருந்த நூல்களுள் ஒன்று மட்டுமே அவ்வாறு கூறியது.

கண்காட்சி நாளன்று எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியர் அட்டையை உரக்க வாசித்தார். “சவுக்குக்கு வெளிநாட்டில சொந்தக்காரர் இரிக்காங்களாம்! எனக்கும் ஒரு விசா எடுத்துத் தரச் சொல்லுங்க, மாஸ்டர்.”

வெளியூரிலிருந்து வந்த நடுவர் சிரிக்கவில்லை. “இது பைன் சாதி. ஊசியிலை இரிக்கு, கூம்பு இரிக்கு. வித்துமூடியிலி. அட்டைய எடுங்க.”

வித்துமூடியிலிக்குச் சூலகமும் இல்லை, மெய்யான பூவும் இல்லை; அப்படியானால் பூக்கும் பூர்ச்சத்துக்கு அது உறவாகவும் முடியாது. அட்டையை எடுத்தால் நுணுக்குக்காட்டியும் போய்விடும். நான் ஓர் ‘ஊசி’யை மூட்டோடு கழற்றி நீட்டினேன்.

“இது இலை இல்ல, சேர். தண்டு. மூட்டைச் சுத்திப் பல்லு மாதிரி நிக்கிறதுதான் இலை.”

வில்லையில் பார்த்துத் தலையசைத்தார். “சரி. கூம்புக்கு என்ன சொல்லப் போறீங்க? பெண்பூவக் காட்டுங்க, பாப்பம். லுஹர் தொழுதிட்டு வந்துதான் புள்ளி போடுவன்.”

அந்தக் கூம்பு பெண்பூக்கள் முதிர்ந்த காய்த்திரள்தான்; ஆனால் என் கிளையில் பூத்திருந்தவை ஆண்பூக்கள் மட்டுமே. நண்பகல் தொழுகை முடிவதற்குள் திரும்பவேண்டுமென்று சைக்கிளில் கடற்கரைக்கு விரைந்தேன். அங்கே ஒரு பெண் கொக்கத்தடியால் காய்ந்த சவுக்குக் கொப்புகளை அடுப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மனே, ஆட்டுக்குக் குழையா?”

“இல்ல ராத்தா, பூத் தேடுறன்.”

“சவுக்குக்கு ஏது பூ? வெயில் தலைக்கேறிட்டா?”

“சிவப்பாச் சின்னக் குஞ்சம் மாதிரி இரிக்கும்.”

“அதா! அது மரத்துக்கு வந்த நோயெண்டெல்லா நாங்க நெனச்ச! அந்தா, தெக்கால நிக்கிற மரம் முழுக்க அந்த நோய்தான்.”

அந்த மரத்துக் கொப்பொன்றை அவரே கொக்கியில் மாட்டி வளைத்தார். மிளகளவுத் தலைகளில் செந்நிற இழைகள் செறிந்து நின்றன. அத்தனை அழகான நோயை நான் அதற்குமுன் கண்டதில்லை.

நான் மேசைக்குத் திரும்பிச் சற்று நேரத்தில் நடுவரும் வந்தார். அவர் முன்னாலேயே சவர அலகினால் ஒரு தலையைப் பிளந்தேன். ஒவ்வொரு பூவிலிருந்தும் இரண்டு சிவந்த இழைகள் எழுந்தன. அடியில், சிறு பேழைபோல் மூடிய சூலகம். அவர் வில்லையைக் கண்ணிலிருந்து எடுக்க நெடுநேரமாயிற்று.

“பைனுக்கு இப்படி இரிக்குமா, சேர்?”

“இல்ல. இது பூதான், மாஸ்டர். அட்டை கிடக்கட்டும்.”

முதலிடம் எங்களுக்கே கிடைத்தது. நுணுக்குக்காட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தவர் கணித ஆசிரியர். மாணவர்கள் மேசைகளைத் தட்டி எழுப்பிய ஓசை பக்கத்து வகுப்புகளின் பாடத்தை நிறுத்தியது. பல ஆண்டுகளின் பின் மரபணு ஆய்வுகள் பூர்ச்சத்தின் குடும்பத்தையும் சவுக்கின் குடும்பத்தையும் குடும்பங்களை அடக்கும் ‘வருணம்’ என்ற பெரும்பிரிவு ஒன்றிலேயே சேர்த்தன. அந்த அட்டையின் இரண்டு சொற்களும் சரியாகவே இருந்தன.

அன்று நடுவர் அந்த உறவையும் ஏற்றுக்கொண்டாரா, பூவை மட்டும் ஏற்றுக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது.