நாடு தெரியாத பெட்டி

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, கல்யாணமாகி எட்டு மாதமாகியும் எங்கள் வீட்டிலேயே இருந்த என் தங்கை, எதிர்வீட்டு முசே. வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சொந்தக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது அங்கே ஏழெட்டுப் பேர் இருந்ததாகவும் நான் அழுததாகவும் சேர்த்துக்கொண்டார்கள். நான் அழவில்லை. வியர்த்தது, அவ்வளவுதான்.

முசே என்று, அதாவது பிரெஞ்சில் ஐயா என்று, தெருவே கூப்பிட்ட அந்த மனிதர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். தமிழர்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்ட குடும்பங்களை சொல்தா வீடு, சிப்பாய் வீடு, என்போம். பென்ஷன் யூரோவில் வரும். மற்றபடி அவருடைய பேச்சு, கோபம், பலாப்பழத்தின் மேலிருந்த ஆசை எல்லாம் எங்கள் பேட்டையான உப்பளம்தான்.

தங்கையின் கணவரும் ஒரு சொல்தா வீட்டுப் பிள்ளை. பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை. கல்யாணம் முடித்து ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். பின்னாலேயே இவளும் போகவேண்டியது. ஆனால் அங்கே குடியிருக்க வருகிற மனைவிக்குப் புறப்படும் முன்பே கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் ஒரு விதி வந்திருந்தது. அதற்கு ஒரு பரீட்சை. தேறாவிட்டால் வகுப்பு, மறுபடி பரீட்சை, அதுவரை விசா தள்ளிப்போகும். அதற்குள்ளேயே தெருவில் பார்க்கிறவர்கள் "இன்னும் போகலியா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கேட்டுவிட்டு அவள் கழுத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள், தாலி இருக்கிறதா என்று.

முசேவே இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். அவருக்கு வந்தது பட்டாளத்து பிரெஞ்சு. வரிசையில் நில், பூட்ஸைத் துடை, யாரடா அங்கே என்பவையெல்லாம் முதல் நாளே வந்துவிட்டன. இரண்டாம் நாள் வந்த சில வார்த்தைகளுக்கு அவர் அர்த்தம் சொல்ல மறுத்துவிட்டார். இதைப் படித்துக்கொண்டு விசா அதிகாரியிடம் போனால் என்ன ஆகும் என்று என் மனைவிக்குச் சிரித்து சிரித்துப் புரையேறியது.

இதைக் கேள்விப்பட்டு மாப்பிள்ளை அங்கிருந்து பிரெஞ்சு கற்றுக்கொள்ளும் டிவிடி ஒரு செட் அனுப்பினார். ஆறு டிஸ்க், அட்டைப்பெட்டியோடு, சீல் பிரிக்காத ஒரிஜினல். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதல் வேலை பார்த்து வாங்கியதாம். தங்கை அந்தப் பெட்டியை இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தாள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். லாஸ்பேட்டை காலேஜ் பிள்ளைகள் செங்கல் கனத்துக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து "முழுசா போட்டுருங்கண்ணா" என்பார்கள். புத்தகத்தின் ஆரம்பத்தில் ஒரு பக்கத்தில், அனுமதி இல்லாமல் நகல் எடுக்கக்கூடாது என்று இங்கிலீஷில் இருக்கும். அர்த்தம் விசாரித்துத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொடுப்பேன். மனசுக்கு ஒரு சமாதானம். "அந்த ஒரு பக்கத்த எடுக்கலன்னா மிச்சமெல்லாம் நம்மளுதாயிடுமா?" என்று மனைவி கேட்பாள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன். போலீஸ் ஜீப் தெருமுனையில் திரும்பினால், மெஷினை அணைத்துவிட்டு விசிறியை எடுத்துக்கொள்வேன். ஜீப் டீக்கடைக்கு வந்திருக்கும்.

வீட்டு டிவிடி பிளேயரும் அந்த பயத்தில்தான், பில் போட்டு, பெரிய கம்பெனியாகப் பார்த்து வாங்கியது. அது மாப்பிள்ளையின் டிஸ்க்கை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் யோசித்து, இது வேறு மண்டலத்து டிஸ்க் என்று எழுதிக்காட்டி வெளியே தள்ளியது. அதே பிளேயர், பக்கத்துத் தெருவில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிற திருட்டு டிஸ்க்கை மறுபேச்சில்லாமல் ஓட்டும். ஒரிஜினலை ஊர் ஊராகப் பிரித்து விற்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் அதில் பூட்டு வைத்திருக்கிறார்களாம். தங்கை படித்துச் சொன்னாள். மனைவிக்கு ஆறவில்லை. காசு கொடுத்து வாங்கினவனுக்குத்தான் பூட்டு, திருடினவனுக்கு ஒன்றுமில்லையா, இது என்ன நியாயம் என்று சாம்பாரைக் கிளறிக்கொண்டே கேட்டாள். சாம்பாரிடம் கேட்பது போலத்தான் இருந்தது.

கம்ப்யூட்டரில் போட்டோம். பழைய கம்ப்யூட்டர், கடையில் இருந்து ராத்திரிக்கு வீட்டுக்குத் தூக்கிவருவது. அதுவும் முதலில் மறுத்தது. ஆனால் நாடுகளின் பட்டியல் ஒன்றைக் காட்டி, எந்த நாடு என்று கேட்டது. இந்தியா என்று இருந்ததைத் தங்கை பிரான்ஸ் என்று மாற்றினாள். ஓடியது. ஒரு ஆணும் பெண்ணும் ரொட்டிக் கடைக்குப் போய் வணக்கம் சொல்லி ரொட்டி வாங்கினார்கள். தங்கை அவர்களோடு சேர்ந்து வணக்கம் சொன்னாள். நாங்களும் சொன்னோம். நல்ல சாயங்காலம் அது.

அவள் சாப்பிடப் போனதும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் உட்கார்ந்துகொண்டு பிரான்ஸ் என்று சொல்லியிருக்கிறோம். எழுத்திலேயே இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் வேறு போய்வருகிறது. விசாவுக்கு எழுதிப்போட்டிருக்கும் நேரத்தில் ஒரு பொய்யைப் பதிந்து வைத்திருக்கலாமா? வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்த முசேவிடம் போய்க் கேட்டேன். அவர் எதையும் பதறாமல் யோசிக்கிறவர். கைக்கடிகாரத்தைக் காட்டினார். மகளைப் பார்க்க பாரிசுக்குப் போனால் பாரிஸ் நேரத்துக்கு மாற்றிக்கொள்வாராம், மீனம்பாக்கத்தில் இறங்கியதும் திருப்பி வைத்துவிடுவாராம். பாடம் நடக்கும்போது அங்கே, முடிந்ததும் இங்கே. அதில் பொய் எங்கே வந்தது என்றார்.

எனக்குச் சரியாகப் பட்டது. உள்ளே வந்து, தங்கை எங்கெங்கே அழுத்தினாளோ அங்கங்கே அழுத்தி, நாட்டை மறுபடி இந்தியா ஆக்கிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாளும் அவள் பிரான்ஸ் ஆக்கினாள். பாடம் முடிந்ததும் நான் இந்தியா ஆக்கினேன்.

மூன்றாம் நாள்தான் நாங்கள் நால்வரும் இருந்த அந்த சாயங்காலம். தங்கை டிஸ்க்கைப் போட்டாள். பட்டியல் வந்தது. பிரான்ஸைத் தேடி அழுத்தினாள். அழுந்தவில்லை. எழுத்துகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கீழே இருந்த வரியைப் படித்தவள் அப்படியே திரும்பினாள்.

"நேத்து நான் பிரான்ஸ்ல வச்சுட்டுத்தானே எழுந்தேன். இத யாரு திரும்ப இந்தியா ஆக்குனது?"

முசே தன் கடிகாரத்தைப் பார்த்தார். நான் முசேவைப் பார்த்தேன்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. இத்தனை தடவைதான் நாட்டை மாற்றலாம், அதற்கு மேல் கடைசியாக இருந்த நாடே நிரந்தரம். முதல் நாளே தங்கை அதைப் படித்திருக்கிறாள். ஒரு தடவை மாற்றினால் போதுமே என்று விட்டிருக்கிறாள். மறுநாள் மறுபடி இந்தியா என்று இருந்ததும், பழைய மெஷின், மறந்துபோச்சு என்று நினைத்துக்கொண்டாளாம். எனக்கு இங்கிலீஷ் வரியெல்லாம் படிக்கும் பழக்கம் இல்லை. நாட்டின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தேன். பரீட்சைக்கு ஐந்து வாரம்கூட இல்லை. மீதி டிஸ்க்குகள் பெட்டியில் பளபளவென்று இருந்தன.

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பரவால்லண்ணா" என்று சொல்லிவிட்டு டிஸ்க்கை எடுத்து முந்தானையில் துடைத்தாள். எனக்கு அப்போதுதான் வியர்த்தது. மனைவி மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

தங்கை போகமுடியாமல் போனால் என்னால் போனது என்று ஆகிவிடும். எட்டு மாதம் பத்து மாதமாகும், வருஷமாகும், அந்தப் பையன் தனியாகக் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பான், தெரு இவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அரை நிமிஷத்தில் அவ்வளவையும் யோசித்துவிட்டேன். யோசிப்பதில் எனக்கு அவ்வளவு வேகம்.

முசேதான் பேச்சை ஆரம்பித்தார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எங்க அப்பாவ ஒரே ஒரு தடவதான் கேட்டாங்க தம்பி, பிரான்ஸா இந்தியாவான்னு. பிரெஞ்சுக்காரன் ஊர விட்டுப் போனப்புறம் ஆறு மாசம் டைம் குடுத்தான். எழுதிக் குடுத்தாரு, நாங்க பிரான்ஸ் ஆயிட்டோம். உங்க அப்பாரு அன்னிக்கு அரியாங்குப்பத்துல நடவுக்குப் போயிட்டாரு. இந்தப் பொட்டி பரவால்ல, நாலு தடவ கேட்டிருக்கு."

மனைவிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் தங்கை. அவள் சிரித்த பிறகு நானும் சிரிக்கலாம் என்று தோன்றியது.

என்ன செய்வது என்று பேச்சு நடந்தது. பக்கத்துத் தெரு டிஸ்க் கடைக்காரரிடம் கொடுத்தால் பூட்டை எடுத்துவிட்டு நகல் போட்டுத் தருவார், அதுதான் சுலபம் என்றார் முசே. நான் கூடவே கூடாது என்றேன். நகல் திருட்டு. தங்கை விசாவுக்குப் போகிற பெண், திருட்டு டிஸ்க்கில் படித்தாள் என்று தெரிந்தால்? மனைவி, இது நம் பொருள், காசு கொடுத்தது, நம் பொருளை நாம் நகல் எடுத்தால் எப்படித் திருட்டாகும், ரேஷன் கார்டுக்கு ஜெராக்ஸ் போடுகிறோமே என்றாள். ரேஷன் கார்டில் நகல் எடுக்கக்கூடாது என்கிற அந்தப் பக்கம் கிடையாது என்றேன். நாள் முழுக்க அடுத்தவன் புத்தகத்தை நகல் எடுக்கிற கைக்கு இன்றைக்கு என்ன வந்தது என்றாள். பக்கம் பக்கமாகப் பேசினோம். கடைசியில் தங்கைதான் முடித்தாள்.

"அண்ணா, அங்க யாரும் டிஸ்க்க காட்டுன்னு கேக்கமாட்டாங்க. வாயத் தொறன்னுதான் கேப்பாங்க."

இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நகல் வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்றும் அவளே சொன்னாள். அவ்வளவு நஷ்டத்தை உண்டாக்கியவனுடைய பயத்துக்கும் ஒரு மரியாதை கொடுத்தாள். அதை நான் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் முசேவும் காந்தி வீதிச் சந்தைக்குப் போனோம். நைட்டியும் பிளாஸ்டிக் வாளியும் விற்கிற வரிசைக்கு நடுவில், தார்ப்பாய் விரித்து எலக்ட்ரானிக் சாமான் போட்டிருந்த ஒருவரிடம் டிவிடி பிளேயர்கள் அடுக்கியிருந்தன. எதன் மேலும் நாம் கேள்விப்பட்ட பெயர் இல்லை. பில் கிடையாது. கேரண்டி, அவர் அடுத்த ஞாயிறும் அங்கே வருவதுதான். முசே பாடம் நம்பர் மூன்று இருந்த டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பேட்டரியில் ஓடிய ஒரு சின்ன டிவியில் போட்டுக் காட்டச் சொன்னார். பிளேயர் டிஸ்க்கை விழுங்கியது. ரொட்டிக் கடைத் தம்பதி இந்தமுறை தபாலாபீசில் நின்று ஸ்டாம்பு கேட்டார்கள். பக்கத்தில் வாளி பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

இதில் எந்த நாட்டு டிஸ்க்கையும் ஓட்டலாமா, சட்டப்படி சரிதானா என்று நான் கேட்டேன். முசே என் காலை மிதித்தார். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், இதுக்கு நாடு கீடெல்லாம் தெரியாது. போட்டா ஓடும்."

இரண்டாயிரம் சொன்னார். முசே பட்டாளத்து பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார், அர்த்தம் சொல்லாத வார்த்தைகளில் ஒன்று என்று நினைக்கிறேன். ஆயிரத்து நானூறுக்கு இறங்கியது. என்னிடம் முன்னூறுதான் இருந்தது. சந்தையில் பிக்பாக்கெட் பயம், அதற்கு மேல் கொண்டுபோகமாட்டேன். மீதியை முசே கொடுத்தார்.

அந்தப் பெட்டியின் தயவில் தங்கை ஆறு டிஸ்க்கையும் முடித்தாள். தினமும் ஆறரைக்கு முசே தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். இந்த ஆள் மூக்கால் பேசுகிறான், அந்தப் பெண் நன்றாகப் பேசுகிறாள் என்று தீர்ப்பு சொல்வார். பரீட்சையில் ரொட்டிக் கடை கேள்வியே வந்ததாம். தேறினாள். இரண்டரை மாதத்தில் விசா வந்தது. விமான நிலையத்தில் அவள் அழவில்லை, முசே அழுதார். அவருக்கு அங்கே போய் வந்த பழக்கம் உண்டு, அதனால் குளிர் எப்படி இருக்கும் என்று தெரியும் என்று காரணம் சொன்னார்.

அவள் போய் முதல் வாரமே போன் செய்தாள். ரொட்டி வாங்கப் போனாளாம். வணக்கம் சொன்னதும் கடைக்காரம்மா புரிந்துகொண்டாளாம். எத்தனை ரொட்டி என்று கேட்டதற்குத்தான் தடுமாறி இரண்டு கேட்டுவிட்டாளாம். மாப்பிள்ளை பின்னால் சிரிக்கும் சத்தம் கேட்டது. என் மனைவி போனை என் காதில் இருந்து பிடுங்கிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் இன்னும் இந்தியாவிலேயே நிற்கிறது. அதை வாங்கக் கேட்டு வந்த ஒருவரிடம், இதில் ஒரு குறை இருக்கிறது என்று நான் சொல்லப்போக, அவர் கேட்டுக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

முசேவின் பணத்தை மறுமாதமே கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை. பாடம் படித்தது அவள், அவள்தான் தருவேன் என்று சொல்லியிருக்கிறாள், நீ ஏன் நடுவில் வருகிறாய் என்றார். தங்கை, வேலை கிடைத்ததும் யூரோவில் தருகிறேன் என்றாள். வேலை கிடைத்தது, சம்பளமும் யூரோவில் வந்தது. கடனைப் பெட்டி வாங்கிய நாள் யூரோ விலைக்கு மாற்றுவதா, கொடுக்கும் நாள் விலைக்கு மாற்றுவதா என்று இருவருக்கும் தகராறு. ஒவ்வொரு ஞாயிறும் போனில் இதைப் பேசுவதற்காகவே முசே நாற்காலியோடு வருகிறார். பேசி முடித்துக் காபி குடித்துவிட்டுப் போகிறார். நான் மட்டும்தான் கணக்கை நினைத்துக்கொண்டு படுக்கிறேன். இன்றைய தேதிவரை முசேவுக்கு எங்கள் வீடு தரவேண்டியது ஆயிரத்து நூறு ரூபாய்.