ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு சாக்கு மாடு

நாடகம் போடுவது பெரிய வித்தை இல்லை. போட்ட நாடகத்தை முடித்துவிட்டு முழு உடம்போடு பஸ் ஏறுவதுதான் வித்தை. ஏதாவது ஒரு மேடையில் ஏறி வாங்கிக் கட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர், அதில் இரண்டு கட்சி. அங்கே திருவிழாவில் எந்த நாடகமும் பாதியைத் தாண்டியதில்லை. அதற்குள் நாற்காலி பறக்கும். அப்படிப் பறந்த ஒன்று ஆவுடையார்கோவிலில் போய் இறங்கியது, அதில் நானே உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஊரில் கடைசிக் காட்சிவரை ஆடிவிட்டால் வருஷம் முழுக்க எங்களுக்கு அழைப்பு வரும். பாதியில் நின்றால் ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள். நான் எழுதியது, ஒரு தண்ணீர்த் தொட்டிக்காக இரண்டு மாடுகள் முட்டிக்கொள்ளும் கதை. கட்சி என்ற சொல்லே அதில் வராது.

மாட்டுக்கு என்ன நிறம்?

அனுமதி கேட்டுப் போனேன். கட்சிக் கலர் எதுவும் மேடையில் தெரியக்கூடாது என்றார் இன்ஸ்பெக்டர். செவலை மாடு என்றேன். சிவப்பு ஒரு கட்சி என்றார். காரி என்றேன்; கறுப்பும் கட்சிதான். வெள்ளை மாடு என்றதும் கொஞ்சம் யோசித்து, வெள்ளை வேட்டியை எல்லாக் கட்சியும் கட்டுகிறதே என்றார். கடைசியில் இரண்டு மாட்டுக்கும் சாக்கைத் தைத்துப் போடுவதாக முடிவாயிற்று. அவர் முகம் தெளிந்தது. "சாக்குக்கு இன்னும் யாரும் கட்சி ஆரம்பிக்கலைங்க. அதுக்குள்ள ஆடி முடிச்சிருங்க."

எங்க மாடு எது?

இரண்டு மாடும் இப்போது அச்சு அசல் ஒன்றுபோல. வேஷம் கட்டும் கொட்டகைக்கு ஒரு கட்சியின் செயலாளர் வந்து, "இதுல எங்க மாடு எதுங்கய்யா?" என்றார். "ஆர்மோனியப் பெட்டிப் பக்கமிருந்து வரும் பாருங்க, அது," என்றேன். அவர் போனதும் மற்றக் கட்சிச் செயலாளர் வந்தார். அதே கேள்வி. நானும் அதே பதிலைத்தான் சொன்னேன். ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அந்தப் பக்கமிருந்து மாட்டு வேஷத்தில் வந்தவன் ஆவூர் ஆரோக்கியம். முதல் முட்டுக்கே இரண்டு கட்சியும் கை தட்டியது. இங்கிட்டிருந்து ஒரு மாலை, அங்கிட்டிருந்து ஒரு துண்டு என்று அவன் கழுத்து நிறைந்துபோனது. எதிர்மாடான சின்னக்கண்ணுவுக்கு ஊளைதான். முதலில் வந்த செயலாளருக்குச் சந்தேகம். "நம்ம மாட்டுக்கு அவனுக ஏன்டா கை தட்டுறானுக?" பக்கத்தில் இருந்த தொண்டர் சொன்னார்: "பயந்துட்டானுகண்ணே."

சாக வேண்டிய காட்சி

கதைப்படி, முட்டுகிற முட்டில் தொட்டி உடைந்து, இரண்டு மாடும் தாகத்தில் நாக்குத் தள்ளிச் சாக வேண்டும். திரைமறைவில் ஆரோக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ரெண்டு கட்சி மாடும் நான்தான். நான் செத்தா நெசமாவே சாகடிச்சிருவானுக."

"நீ சாகாட்டி நாடகம் முடியாதுடா," என்று தள்ளிவிட்டேன்.

தொட்டி உடைந்தது. ஆரோக்கியம் ஒரு கண்ணால் வாசலைப் பார்த்துக்கொண்டே செத்தான். சின்னக்கண்ணுவும் விழுந்தான். இரண்டு செயலாளர்களும் நாற்காலியைப் பிடித்தபடி எழுந்தார்கள். நான் ஜால்ராவைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர்கள் பார்த்ததோ சின்னக்கண்ணுவை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கைதட்டல். எனக்குத் துண்டு போர்த்தும்போது ஒருத்தர் காதில் சொன்னதையே அடுத்தவரும் சொன்னார்: "எங்க மாடு போனாப் போகுதுங்கய்யா. அவனுக மாடும் செத்துருச்சுல்ல, அது போதும்."

அந்த ஊரில் முடிவுவரை நடந்த முதல் நாடகம் அதுதான். உடைந்த தொட்டியைப் பற்றி மட்டும் எந்தக் கட்சியும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.