கூரை முடியாத அறை

இப்போது நான் குடியிருக்கும் கிளமெண்டி அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் தீபாவளிக்கு முன் வீட்டு வேலையை முடிக்கச் சுத்தியலால் தட்டுகிறார்கள். எனக்குச் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் பலகை வீடு நினைவுக்கு வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம். அம்மாவின் காதல் கல்யாணத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்ட பெரியமாமா, முதல்முறையாகத் தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அவர் தங்க அப்பா புதிதாக ஓர் அறை கட்டினார். மாமா ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார். கூரையில் பாதித் தகரம்தான் ஏறியிருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"இன்னும் முடியலண்ணே," என்றாள் அம்மா, அழாத குறையாக.

மாமா வெள்ளைச் சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினார். மேலே அப்பா திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"மழ வந்துரும் லா. ஆணியக் குடுங்க, மாப்பிள்ள."

மாப்பிள்ளை என்று அவர் அழைத்ததைக் கேட்டதும் அம்மா அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.